அடிபட்டவரின் வாக்குமூலம்

தலையில் அடிபட்ட ஒருவர், விழுந்த இடத்திலிருந்து தாமாகவே எழுந்து, உடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, சுற்றிலும் கூடிய நாலு பேரைப் பார்த்துச் சற்று வெட்கத்தோடு சிரித்து, தமக்கு எதுவும் ஆகிவிடவில்லை என்று கூறுவாரானால், அந்த வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொண்டு கூட்டம் கலைந்துவிடுவது நம்மிடையே வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். கையிலோ காலிலோ அடிபட்டவர் அவ்விதம் சொன்னால் நம்புவதில் பெரிய தோஷம் இல்லை. காயம் பட்டது ஓர் அவயவம், அதைப் பற்றி யோசித்துப் பதில் சொல்வது வேறோர் அவயவம். தலைக்காயத்தில் மட்டும் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எந்த மூளைக்குச் சேதம் நேர்ந்திருக்கக்கூடும் என்று சந்தேகிக்கிறோமோ அந்த மூளையையே சாட்சிக்கு அழைத்து விசாரித்துவிட்டு, அது கொடுக்கும் நற்சான்றைக் கொண்டு நாம் நிம்மதி அடைகிறோம். இந்த வாக்குமூலத்தை ஏற்பதற்கில்லை என்பதும், குறைந்தபட்சம் அடுத்த ஒரு நாள் முழுவதும் அவரைக் கவனித்திருக்கும் பொறுப்பு பக்கத்தில் இருக்கும் வேறொருவரைச் சேர்ந்தது என்பதும் என் அபிப்பிராயம்.

1998-ஆம் வருஷம் பிப்ரவரி 20-ஆம் தேதி டாக்கா நகரில் நடந்த ஒரு கிரிக்கெட் பந்தயத்தைக் கிரிக்கெட் ரசிகர்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இந்தியாவுக்காக டெஸ்ட் பந்தயங்களில் ஆடியவரும், அப்போது வங்கதேசத்து அபஹானி சங்கத்துக்காக ஆடிக்கொண்டிருந்தவருமான ராமன் லாம்பா, ஓவர் முடிவதற்கு இன்னும் சில பந்துகளே பாக்கி இருக்கின்றன என்ற எண்ணத்தில் தலைக்கவசம் தரிக்காமலே மட்டையாளருக்கு வெகு அருகில் போய் நின்றார். மட்டையாளர் ஓங்கி அடித்த பந்து அவர் தலையில் மோதி, மோதிய வேகத்தில் எகிறி விக்கெட் காப்பாளரின் கைகளில் போய் விழுந்தது. லாம்பா எழுந்தார், தம் கால்களாலேயே நடந்து மைதானத்தைவிட்டு வெளியேறினார். அவ்வாறு நடந்து சென்றவரின் நிலைமை வெகு சீக்கிரத்திலேயே மோசமாகி, மண்டைக்குள் ரத்தம் கசிந்திருப்பது தெரியவந்து, சத்திர சிகிச்சையும் செய்யப்பட்டு, பலனின்றி மூன்றாம் நாள், 23-ஆம் தேதி, அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 38.

அதற்குப் பதினொரு வருஷங்களுக்குப் பின், 2009 மார்ச் 16-ஆம் தேதி, கனடா தேசத்து க்யூபெக் மாகாணத்தில் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டிருந்த ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், ஆரம்பப் பாடம் கற்பவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட மென்மையான சரிவில் விழுந்தார். வெளிக்காயம் எதுவும் இல்லை. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்; அவருக்காக வந்த ஆம்புலன்ஸ் வண்டி திருப்பி அனுப்பப்பட்டது. விடுதிக்குத் திரும்பிய பிறகு தலைவலி ஆரம்பமாயிற்று; மறுபடி ஆம்புலன்ஸ் அழைக்கப்பட்டபோது, விழுந்து ஓரிரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. 18-ஆம் தேதி அவர் இறந்தார். உலகத்தின் மிகச் சிறந்த வைத்தியம் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், பணத்துக்கோ வாகனத்துக்கோ குறைவு இல்லாதிருந்தும், அந்த முதல் ஒரு மணி நேரத்தின் தெளிவான பேச்சு எல்லாரையும் ஏமாற்றிவிட்டது.

இந்தத் தெளிவு எங்கிருந்து வருகிறது? காதுக்கு முன்னும் மேலுமாக உள்ள நெற்றிப்பொட்டில் மண்டை எலும்பு மிக மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி, எலும்பிலேயே வெட்டிய தடம் ஒன்றின் வழியாக ஒரு தமனி ஓடுகிறது. அவ்விடத்தில் அடிபட்டு எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் ஏற்பட்டாலும், அந்தத் தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த சவ்வுக்கும் நடுவே ரத்தம் சேரத் தொடங்குகிறது. மண்டையோடு, வாயை இறுக மூடிய பித்தளைச் செம்பு போல, விரிந்துகொடுக்கும் சுபாவம் இல்லாதது. உள்ளே புதிதாக ஒரு பொருள் சேர வேண்டுமானால் ஏற்கெனவே உள்ள ஒன்று வெளியேறியாக வேண்டும் என்பதை எடின்பரோ நகரத்து உடற்கூற்று ஆசிரியர் அலெக்சாண்டர் மன்றோ 1783-ஆம் வருஷத்திலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். முதலில் மூளையைச் சூழ்ந்துள்ள நீரும், சிரைகளில் உள்ள ரத்தமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி இடம் கொடுக்கின்றன. அப்படி இடம் கொடுத்துக்கொண்டிருக்கும் வரையில் மனிதர் பேசுகிறார், காப்பி அருந்துகிறார், நாளைய வேலையைப் பற்றி விசாரிக்கிறார். விலகுவதற்கு இனி எதுவும் இல்லை என்ற கட்டம் வந்ததும் உள்ளே அழுத்தம் படிப்படியாக அல்ல, திடீரென்று ஏறுகிறது. பிறகு நடப்பதற்குச் சில மணிகள், சில சமயம் சில நிமிஷங்களே போதும். இந்த இடைக்காலத் தெளிவு எல்லாரிடத்திலும் தோன்றுவதில்லை. தோன்றுகிறவர்களிடத்தில் அதைப் போல் வஞ்சகமான குறி வேறில்லை. இதில் மனவேதனை தரும் விஷயம் என்னவென்றால், மண்டைக்குள் நேரும் விபரீதங்களில் சத்திர வைத்தியர் கைக்கு மிக நன்றாக வசப்படுவது இதுவே. பிரக்ஞை தவறுவதற்கு முன்பே மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை வெளியேற்றிவிட்டால் பெரும்பாலோர் பழையபடி எழுந்து நடமாடுகிறார்கள்.

நம் வீடுகளில் தலைக்காயத்துக்குச் செய்யப்படும் உபசாரங்களைப் பற்றி அதிகம் குறைகூற எனக்கு விருப்பமில்லை. விழுந்த குழந்தையைச் சமாதானப்படுத்தத் தரையை அடிப்பதால் தரைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. புடைப்பின் மேல் ஈரத்துணியை ஒற்றுவது நல்லதே. காயத்தில் காப்பித்தூளை அப்புவது, தையல் போடும் மருத்துவருக்கு வேலையைக் கூட்டும் என்பதைத் தவிரப் பெரிய அனர்த்தம் அல்ல. ஆனால் வெளியே புடைத்துவிட்டதால் உள்ளே வீங்காது என்று பாட்டிமார் சொல்லும் ஆறுதல் ஒன்று இருக்கிறதே, அது மட்டும் ஆபத்தானது. தோலுக்கடியில் சேர்ந்த ரத்தத்துக்கும் மண்டைக்குள் சேரக்கூடிய ரத்தத்துக்கும் அப்படி எந்த ஒப்பந்தமும் கிடையாது; காதுக்கு மேலே பக்கவாட்டில் தோன்றும் மெத்தென்ற வீக்கம், குறிப்பாகக் கைக்குழந்தைகளிடத்தில், உள்ளே எலும்பு விரிந்திருப்பதற்கே அடையாளமாக இருக்கக்கூடும்.

இதைவிடப் பெரிய அபாயம், கண்ணெதிரே தோன்றும் குறிக்கு நாம் கற்பிக்கும் பொய்யான காரணம். மத்தியானம் மாடிப்படியில் விழுந்த பையன் சாயங்காலம் வாந்தி எடுத்தால், வெயிலில் விளையாடியதால் பித்தம் என்று எலுமிச்சம்பழச் சாறு கொடுக்கிறோம். இரண்டாம் முறை எடுத்தால், கடையில் தின்ற பலகாரத்தின் மேல் பழியைப் போடுகிறோம். அவன் சோர்ந்து படுத்துவிட்டால், களைத்துப்போய்விட்டான், தூங்கட்டும் என்று விளக்கை அணைக்கிறோம். மூன்று காரணங்களும் தனித்தனியே நியாயமானவை. மூன்றையும் சேர்த்து, மத்தியானத்து வீழ்ச்சியோடு பொருத்திப் பார்க்க ஒருவர் இல்லாமற்போவதில்தான் கேடு விளைகிறது. இதிலும் கொடுமையான நிலைமை மதுபானம் அருந்தியவனுடையது. தெருவோரத்தில் வண்டியோடு சரிந்து விழுந்தவனுடைய வாயில் சாராய வாடை அடித்துவிட்டால், அவனுடைய குழறும் பேச்சு, தள்ளாட்டம், வாந்தி, மயக்கம் ஆகிய யாவும் ஒரே வார்த்தையில் விளக்கப்பட்டுவிடுகின்றன. அவன் திண்ணையிலோ காவல் நிலையத்து மூலையிலோ போதை தெளியட்டும் என்று கிடத்தப்படுகிறான். போதையும் ரத்தக்கட்டும் ஒரே முகம் காட்டுபவை என்பதால், குடித்திருக்கிறான் என்ற செய்தி நம் கவலையை இரட்டிப்பாக்க வேண்டுமே தவிரக் குறைக்கலாகாது. அவனுடைய ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பைப் பிறகு சாவகாசமாக வழங்கிக்கொள்ளலாம்.

முதியவர்கள் விஷயம் வேறு. வயது ஏற ஏற மூளை சிறிது சுருங்குகிறது. அதனால் மூளையின் மேற்பரப்பிலிருந்து சவ்வுக்குச் செல்லும் நுண்ணிய சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. குளியலறைக் கதவில் லேசாக இடித்துக்கொண்டதற்கே அவற்றில் ஒன்று அறுந்துபோகலாம். சிரையின் ரத்தம் மெதுவாகக் கசிவது. மூளை சுருங்கியதால் உள்ளே இடமும் தாராளமாக இருப்பதால், வாரக்கணக்கில் எந்தக் குறியும் தோன்றாமல், இடித்துக்கொண்ட சம்பவத்தையே வீட்டார் மறந்த பிறகு, தாத்தாவின் நடை ஒரு பக்கமாகச் சாய்கிறது, பேரனின் பெயர் குழம்புகிறது, எப்போதும் இல்லாத எரிச்சல் வருகிறது. வயதாகிவிட்டது என்று எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள். வயதின் தளர்ச்சி வருஷக்கணக்கில் வருவது. சென்ற மாதம் திடமாக இருந்தவர் இந்த மாதம் இப்படி ஆனால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். இருதயத்தில் வால்வு மாற்றிக்கொண்டு அஸிட்ரோம், வார்ஃபரின் முதலிய மாத்திரைகளை உட்கொள்பவர்களும், மாரடைப்புக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் தலையில் இடித்துக்கொண்டால், நன்றாகவே இருப்பதாகத் தோன்றினாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிடுவது உத்தமம்; மாத்திரைச் சீட்டையும் மறவாமல் எடுத்துச்செல்ல வேண்டும்.

கவனிப்பது என்றால் என்ன என்பதற்கு ஓர் ஒழுங்கான முறையை 1974-ஆம் வருஷம் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் வகுத்துக் கொடுத்தார்கள். மண்டையைத் திறக்காமலே உள்ளே பார்க்க உதவும் சி.டி. ஸ்கேன் இயந்திரம் அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்புதான், 1971 அக்டோபரில், லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்திருந்தது. பெரும்பாலான ஆஸ்பத்திரிகளுக்கு அது எட்டாக்கனி. ஆகவே அவ்விரு மருத்துவர்களும், எந்த நர்ஸும் எந்தக் கருவியுமின்றிப் பார்க்கக்கூடிய மூன்று விஷயங்களை எடுத்துக்கொண்டார்கள்: கண்ணைத் தானாகத் திறக்கிறாரா, அழைத்தால் திறக்கிறாரா, வலியூட்டினால்தான் திறக்கிறாரா, பேச்சு பொருத்தமாக இருக்கிறதா, குழம்பியதா, வெறும் முனகலா, சொன்னபடி கையை அசைக்கிறாரா. பின்னர் இவற்றுக்கு மதிப்பெண் கொடுத்து, முழுத் தெளிவுக்கு 15 என்றும் அடிமட்டத்துக்கு 3 என்றும் வைத்தார்கள். இன்றும் உலகெங்கும் தலைக்காயத்தை அளப்பது இந்த அளவுகோலைக் கொண்டுதான். 1949-இல் வேலூரில் ஜேகப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் சத்திர சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கிய காலத்தில் இந்த அளவுகோலும் இல்லை, ஸ்கேனும் இல்லை. படுக்கையருகே நின்று உற்றுப்பார்த்த கண்களே அன்றைக்கு முக்கியமான கருவிகள்.

அந்தக் கருவி ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அடிபட்டவரை அன்று தனியே விடாமல், இடையிடையே பேச்சுக் கொடுத்து, பேச்சில் கோர்வை இருக்கிறதா, விழுந்த சம்பவம் நினைவிருக்கிறதா, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா என்று கவனித்துவந்தாலே பாதிக்கு மேல் தெரிந்துவிடும். தலைவலி இருக்கலாம், அது குறைந்துகொண்டே போகிறதா, ஏறிக்கொண்டே போகிறதா என்பதே கேள்வி. அடிபட்டவுடன் சிறிது நேரமேனும் நினைவு தப்பியிருந்தால், வாந்தி ஒரு தடவைக்கு மேல் வந்தால், வலிப்பு கண்டால், ஒரு கை அல்லது கால் சோர்ந்தால், பேச்சு குழறினால், காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் போல் வடிந்தால், காதுக்குப் பின்புறமோ இரு கண்களைச் சுற்றியுமோ அடிபடாத இடத்தில் கன்றிக் கறுத்தால், அடுத்த குறிக்காகக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். கண்ணின் பாவைகளில் ஒன்று பெரிதாகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதைச் சிலர் பெரிய சாமர்த்தியமாகக் கருதுகிறார்கள். அந்தக் குறி தோன்றும்போது மூளை ஏற்கெனவே நசுங்கத் தொடங்கியிருக்கும்; அது தோன்றவில்லையே என்று திருப்தியடைவது தவறு. பேசத் தெரியாத சிசுவானால், ஓயாத அழுகை, பால் குடிக்க மறுப்பது, உச்சிக்குழி புடைத்து நிற்பது, எழுப்பினாலும் எழாத தூக்கம் ஆகியவையே அதன் பாஷை.

தூங்கவிடக்கூடாது என்ற பழைய விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூக்கத்தால் மூளைக்குத் தீங்கு ஏதும் இல்லை. அடிபட்ட குழந்தையை நள்ளிரவு வரை உலுக்கி உலுக்கி விழிக்கவைப்பதால், அதன் சிணுங்கல் அடியாலா தூக்கக் கலக்கத்தாலா என்று தெரியாமற்போவதே மிச்சம். தூக்கம் எது, மயக்கம் எது என்று பிரித்தறிவதே காரியம். இரவில் ஓரிரு முறை பெயர் சொல்லி எழுப்பி, வழக்கமான முணுமுணுப்போடு விழித்துக்கொண்டால் மறுபடி தூங்கவிடலாம். வலிக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரினையும் இபுபுரூபனையும், முக்கியமாகத் தூக்க மாத்திரையையும் கிட்டச் சேர்க்கலாகாது.

இவ்வளவையும் படித்துவிட்டு, மேஜையில் இடித்துக்கொண்ட குழந்தையையெல்லாம் தூக்கிக்கொண்டு ஸ்கேன் எடுக்கச் சொல்லி மருத்துவரை நிர்ப்பந்திப்பவர்களுக்கு நான் துணை நிற்கவில்லை. அமெரிக்காவில் தலையில் அடிபட்டு, பெரும்பாலும் தெளிவாகவே ஆஸ்பத்திரிக்கு வந்த 42,412 பிள்ளைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட அறிக்கையில், கவலைக்குரிய மூளைச் சேதம் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. சத்திர சிகிச்சை வேண்டியிருந்தவர்கள் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேர். ஸ்கேனின் கதிர்கள் வளரும் மூளைக்கு நல்லவையுமல்ல. படம் பிடிப்பதா, சில மணி நேரம் பார்த்திருப்பதா என்பதைத் தீர்மானிக்க மருத்துவருக்கு விதிகள் உண்டு; அவர் பார்த்திருக்கச் சொன்னால் அதுவும் சிகிச்சைதான், அலட்சியம் அல்ல. ஆனால் அவர் அப்படிச் சொல்லும்போது அந்தப் பார்வையை வீட்டாரிடம் ஒப்படைக்கிறார். ஒப்படைக்கப்பட்டது என்ன என்பது வீட்டாருக்கு விளங்கியிருக்க வேண்டாமா? ஏதாவது என்றால் வாருங்கள் என்று போகிற போக்கில் சொல்லப்படும் வாய்மொழியில் அந்த ஏதாவது எது என்பது இருப்பதில்லை. தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத் தாள், பெரிய எழுத்தில், தலைக்காயத்தோடு வந்து திரும்பும் ஒவ்வொருவர் கையிலும், தனியார் ஆஸ்பத்திரியானாலும் அரசு ஆஸ்பத்திரியானாலும், கட்டாயமாகக் கொடுக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் வண்டி ஓடுகிறது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. வண்டியை அழைக்க வேண்டிய தருணம் இது என்று வீட்டில் ஒருவர் அறிந்தால்தானே இவையெல்லாம் பயன்படும்?

கிரிக்கெட்டிலாவது இப்பாடம் படிக்கப்பட்டிருக்கிறது. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து கழுத்தில் தாக்கி விழுந்த ஆஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித், முதல் பரிசோதனைகளில் தேறி அன்றைக்கே மீண்டும் மட்டையேந்தி வந்து 92 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. அவரை நீக்கிவிட்டு லபுஷேனைச் சேர்த்தார்கள். தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வேறொருவரை ஆடவிடும், அந்த மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்த புதிய விதியின்படி டெஸ்ட் பந்தயத்தில் இறங்கிய முதல் மாற்றாள் அவர். ஆடுவதற்குத் தயார் என்று வீரர் சொல்வதற்கு அந்த விதியில் இடமில்லை, தீர்மானிப்பவர் மருத்துவர்.

நம் பள்ளிக்கூடங்களில் அத்தகைய விதி ஏதும் நடைமுறையில் இருப்பதாகத் தெரியவில்லை. விளையாட்டு மைதானத்தில் கம்பத்தில் மோதிக்கொண்ட பையன் முகம் கழுவிவிட்டு வகுப்புக்குப் போகிறான். வீட்டில் திட்டுவார்கள் என்று அவன் சொல்வதில்லை, பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று பள்ளிக்கூடமும் சொல்வதில்லை. அன்றிரவு அவன் வாந்தி எடுக்கும்போது, தாயாருக்குப் பித்தத்தைத் தவிர வேறு எதை நினைக்கத் தோன்றும்? தலையில் அடிபட்ட மாணவனுடைய பெற்றோருக்கு, அடி எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், அன்றைக்கே தொலைபேசியில் தெரிவிப்பதோடு கையெழுத்திட்ட சீட்டு ஒன்றையும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று கல்வி இலாகா ஓர் உத்தரவு பிறப்பித்தால் அதற்கு ஆகும் செலவு ஒரு கட்டுக் காகிதம். யார் தள்ளியது, யார் மேல் குற்றம் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் வேண்டாம். அவற்றை எழுதச் சொன்னால் எந்தத் தலைமையாசிரியரும் எழுதமாட்டார். எதில் மோதினான், தலையின் எந்தப் பக்கம், நினைவு தப்பியதா, எத்தனை மணிக்கு என்ற நான்கு விவரங்கள் இருந்தால் போதும். நள்ளிரவில் அந்தப் பையனைப் பரிசோதிக்கும் பணி மருத்துவர் பெற்றோரிடம் முதலில் கேட்கப்போகிறவை அவைதாம், அவற்றிலும் மணியைத்தான் அவர் இரண்டு தடவை கேட்பார்.